ஃபார்ம் எஃப்

ஸ்கேன் அறைக்குள் கர்ப்பிணி வருவதற்கு முன்பே அவரைப் பற்றிக் கொஞ்சம் எனக்குத் தெரிந்துவிடும். கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுக்கச் சட்டப்படி நிரப்ப வேண்டிய படிவமான ஃபார்ம் எஃப்-இல் ஏற்கெனவே எத்தனை பிள்ளைகள், ஆணா பெண்ணா, என்ன வயது என்றெல்லாம் எழுதியாக வேண்டும். 'இரண்டும் பெண்' என்றிருந்தால், கூட வந்திருப்பது யாரென்று கண் தானாகப் போகும்.

வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று யாரும் நேராகக் கேட்பதில்லை. அதைச் சொல்ல மாட்டோம் என்று சுவரில்தான் பெரிய எழுத்தில் போர்டு இருக்கிறதே. "முதல் ரெண்டுக்கும் பயங்கர வாந்தி மேடம், இந்தத் தடவை ஒண்ணுமே இல்ல" என்று சொல்லிவிட்டு மாமியார் என் முகத்தையே பார்ப்பார். கேள்வி அதற்குள் இருக்கிறது.

1994-ஆம் ஆண்டுச் சட்டம் கறாரானது. கருவின் பாலினத்தைச் சொல்லாலோ சைகையாலோ வேறெந்த வகையிலோ தெரிவிக்கக் கூடாது. முதல் முறை சிக்கினாலே 3 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். அது எனக்கு உறுத்தலே இல்லை. உறுத்துவது, ஃபார்மின் கடைசியில் நான் கையெழுத்துப் போடும் வாசகம்: பாலினத்தைக் கண்டறியவும் இல்லை, யாருக்கும் தெரிவிக்கவும் இல்லை. தெரிவிக்காமல் இருப்பது என் கையில் இருக்கிறது. கண்ணில் படாமல் இருப்பது?

11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் என்டி ஸ்கேனில், கழுத்துக்குப் பின்னால் சேரும் நீரை அளக்க வேண்டும். குழந்தையின் நீளம் 45 முதல் 84 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அந்த நீளத்தை எடுக்க, குழந்தையைச் சரியாகப் பக்கவாட்டில் நடுக்கோட்டில் பிடிக்கிறோம். கால்களுக்கு நடுவே இருக்கும் சின்ன முளை தெரிவதும் அதே கோணத்தில்தான். அந்த வயதில் இரு பாலுக்கும் அது ஏறக்குறைய ஒரே அளவு. நிமிர்ந்திருக்கிறதா, படுத்திருக்கிறதா என்பதுதான் வித்தியாசம். பதினோராம் வாரத்தில் அதை நம்பினால் அடிக்கடி ஏமாறுவோம். பதின்மூன்றில் பெரும்பாலும் தப்பாது.

நல்லவேளை, கழுத்து நீரை அளக்கும்போது தலையும் மார்பின் மேல்பகுதியும் மட்டும் திரையை நிறைக்கும்படி படத்தைப் பெரிதாக்க வேண்டும் என்பது விதி. முறையாக வேலை செய்தால் மற்றது திரையைவிட்டே போய்விடும். நீளத்தை எடுத்த கையோடு மேலே நகர்ந்துவிடுவேன். 'தேடவில்லை' என்று எழுதச் சொன்னால் இன்னும் நிம்மதியாகக் கையெழுத்துப் போடுவேன்.

அப்புறம் ரிப்போர்ட். அதில் இதயத்துடிப்பும் நஞ்சுக்கொடி இருக்கும் இடமும் போட்டே ஆக வேண்டும். "துடிப்பு 158, அப்போ பொண்ணுதானே?", "நஞ்சு வலப்பக்கம்னா பையனாமே?" எல்லாம் யூடியூப் உபயம். இரண்டுக்கும் பாலினத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஒருவரிடம் அழுத்தி மறுத்தால், 'அப்போ பையன்தான்' என்று எடுத்துக்கொள்வார்கள். அதனால் எல்லோருக்கும் ஒரே பதில், ஒரே குரல். நடிப்புப் பயிற்சி தனியாக யாரும் தரவில்லை.

தமிழ்நாட்டில் ஆறு வயது வரையிலான குழந்தைகளில் 1,000 ஆணுக்கு 2001-இல் 942 பெண்கள்; 2011-இல் 943. பத்தாண்டில் ஒன்று கூடியிருக்கிறது. இதைப் பார்த்த பிறகு சட்டம் அதிகப்படி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

லண்டனில் இருக்கும் சித்தி மகள் போன வருடம் தன் பன்னிரண்டாம் வாரப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அக்கா, நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்றாள். அங்கே கேட்டால் இருபதாம் வார ஸ்கேனில் பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அந்தப் படத்தைப் பெரிதாக்கவே கை வரவில்லை. "இருபதாம் வாரத்தில் அங்கேயே கேட்டுக்கொள், அதுதான் சரியாக இருக்கும்" என்று எழுதினேன். "சரிங்க டாக்டரம்மா" என்று பதில் வந்தது. கோபம்தான்.