தங்கச்சிமடத்தில் எலி ராஜாவுக்கு விழுந்த செருப்படி

பேச்சே இல்லாமல் ஆட்டத்தாலும் இசையாலும் கதை சொல்லும் ஐரோப்பிய நடனம்தான் பாலே; அதில் 'நட்கிராக்கர்' என்ற ஒன்றைப் பிள்ளைகளுக்குக் காட்டிய கதை இது. ஆனால் முதலில் ஓர் ஆட்டோக்காரர் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு ஆறாது. இராமேஸ்வரத்திலிருந்து, தனுஷ்கோடி தாண்டி ரோடு முடிகிற அரிச்சல்முனை போய்வர 800 ரூபாய் என்று பேசித்தான் ஏறினோம். அங்கே போய் இறங்கிப் பிள்ளைகள் மணலில் கால் வைப்பதற்குள், "வெயிட்டிங் தனிக்கா, அரை மணிக்கு மேல போனா இன்னும் முந்நூறு" என்கிறார். இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஒரே ரோடு, கையில் இரண்டு வாண்டுகள். அங்கே நின்று யாரிடம் நியாயம் கேட்பது? 1,100 ரூபாய் எண்ணிக் கொடுத்தோம். அதே அரிச்சல்முனைக்கு பஸ் போகிறது, டிக்கெட்டும் ஆட்டோ காசில் ஒரு துளிதான். நீங்கள் போனால் பஸ்ஸிலேயே போங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கிறிஸ்துமஸ் லீவுக்கு இராமேஸ்வரம் தீவிலேயே இருக்கிற தங்கச்சிமடத்தில் கல்லூரித் தோழியின் வீட்டுக்குப் போயிருந்தோம். என் மகளுக்கு நான்கு வயது, தோழியின் மகனுக்கு மூன்றரை. இந்த லீவில் இரண்டு பேருக்கும் 'நட்கிராக்கர்' பாலேயை அறிமுகப்படுத்துவது என்று தோழியும் நானும் போனிலேயே பேசி வைத்திருந்தோம். கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். "சின்னப் பிள்ளைகளுக்கு பாலே என்னத்தைப் புரியும்?" திருவிழாவில் விடிய விடிய நடக்கும் கூத்தை மடியில் படுத்துக்கொண்டே பார்த்து வளர்ந்தவர்கள் கேட்கிற கேள்வியா இது?

மதுரையிலிருந்து ஏறிய பஸ்ஸைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஐயப்ப சீசன் கூட்டம், காதைக் கிழிக்கிற ஸ்பீக்கர், உச்சிப்புளி வரை நின்றுகொண்டே பயணம். பாம்பன் பாலம் ஏறியதும்தான் பிள்ளையின் அழுகை நின்றது. பக்கத்தில் புது ரயில் பாலத்தின் தூக்குக் கோபுரங்களைப் பார்த்துவிட்டு, "கப்பல் வந்தா நடுவுல மட்டும் மேல போகுமா?" என்று மண்டபம் தாண்டியதிலிருந்து தங்கச்சிமடம் வரை அதே கேள்வி. போகும், போகும் என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது.

24ஆம் தேதி சாயங்காலம் தோழி வீட்டு ஹாலில் டிவியோடு டேப்லெட்டை இணைத்தோம். பாலேயை வீட்டிலேயே முழுசாக டவுன்லோடு செய்து எடுத்துப் போயிருந்தேன், தீவில் சிக்னலை நம்ப முடியாது. வெளியே தெரு முழுக்க காகித நட்சத்திரம், திண்ணையில் குடில். நள்ளிரவுப் பூசைக்கு முழித்திருக்க வேண்டும் என்பதால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து பாயில் உட்கார்ந்துவிட்டார்கள்.

கதையை முன்கூட்டியே சுருக்கமாகச் சொல்லி வைத்தோம். கிறிஸ்துமஸ் ராத்திரி, கிளாரா என்கிற சின்னப் பெண்ணுக்குக் கொட்டை உடைக்கிற மரப் பொம்மை ஒன்று பரிசாக வருகிறது. தம்பி அதை உடைத்துவிடுகிறான். நடுராத்திரியில் எலிப்படை வருகிறது, பொம்மைக்கு உயிர் வந்து சண்டை போடுகிறது, அப்புறம் இனிப்பு நாட்டுக்குப் பயணம். கொட்டை உடைக்கிற பொம்மை என்றால் என்ன என்று ஒரு வாண்டு கேட்டதும், தோழியின் அம்மா உள்ளே போய்ப் பாக்குவெட்டியைக் கொண்டுவந்து ஒரு பாக்கை நறுக்கிக் காட்டினார். அதோடு அந்தச் சந்தேகம் தீர்ந்தது.

முதல் பிரச்சினை, யாருமே பேசவில்லை. "ஏம்மா பேச மாட்டேங்கிறாங்க?" நானும் தோழியும் மாறி மாறி கிரிக்கெட் கமென்ட்ரி கொடுத்தோம். ஆரம்ப விருந்துக் காட்சி பெரியவர்களுக்கானது. பிள்ளைகள் நெளிந்துகொண்டே இருந்தார்கள். ஆனால் தம்பிக்காரன் பொம்மையை உடைத்த இடத்தில் ஹாலே கொதித்துப்போனது. அவர்கள் வீட்டில் தினமும் நடப்பதுதானே! "அவனை அடிங்க!" என்று கத்தினாள் என் மகள்.

கிறிஸ்துமஸ் மரம் வளர்ந்து, இருட்டில் எலிகள் வருகிற இடத்தில் தோழி மகன் பயந்து என் மடிக்குள் புகுந்துவிட்டான். சத்தத்தைக் குறைத்தோம். எலி ராஜாவுக்கு ஏழு தலை. மத்தியானம்தான் என் மகளுக்கு ராமாயணக் கதை சொல்லியிருந்தேன். "ராவணனுக்குப் பத்து. இவனுக்கு ஏழுதானா?" என்று அலட்சியமாகக் கேட்டாள். அதைக் கேட்டதும் மடியிலிருந்தவன் தலையை வெளியே நீட்டினான். கிளாரா தன் செருப்பைக் கழற்றி எலி ராஜா மேல் எறிந்தாளோ இல்லையோ, ஹாலில் விசில். அந்த ஒரு காட்சியைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லி உயிரை வாங்கினார்கள்.

ஒரே மூச்சில் ஒன்றரை மணி நேரமும் பார்க்க வைக்காதீர்கள். சண்டை வரை ஒரு நாள், இனிப்பு நாடு மறுநாள் என்று பிரித்தோம், அதுதான் சரி. இரண்டாவது பாதியில் கதை என்று பெரிதாக எதுவும் இல்லை, ஆட்டம் மட்டும்தான். ஸ்பெயின் ஆட்டத்துக்குப் பெயர் சாக்லேட், அரேபிய ஆட்டத்துக்குக் காபி, சீன ஆட்டத்துக்கு டீ. காபி ஓடும்போது இரண்டு பிள்ளைகள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்கள், எனக்கும் அது இழுவைதான். ஆனால் ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் அதிகமாக மட்டுமே ஓடுகிற ரஷ்ய ஆட்டத்துக்கு ஹாலே குதித்தது. பெரிய பாவாடைக்குள்ளிருந்து குட்டிப் பிள்ளைகள் வரிசையாக ஓடிவருகிற இடத்தில், "இன்னும் உள்ள இருக்காங்களா?" என்று டிவிக்குப் பின்னால் போய்ப் பார்த்தார்கள்.

இனிப்பு நாட்டை ஆளுகிற சர்க்கரைத் தேவதை ஆடும்போது மட்டும் அமைதி. அந்தக் கிணுகிணுச் சத்தத்துக்கு என் மகள் சொன்னது: "குல்பி ஐஸ் வண்டி." அது செலஸ்டா என்கிற வாத்தியம். இந்த பாலேவுக்கு இசையமைத்த ரஷ்யர் சைக்கோவ்ஸ்கி அதைப் பாரிஸில் கேட்டு மயங்கி, மற்ற ரஷ்ய இசைக்காரர்கள் முந்திக்கொள்வார்களோ என்று ரகசியமாக வரவழைத்தாராம். இந்த பாலே முதலில் அரங்கேறியது 1892 டிசம்பரில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில். அப்போது அவ்வளவாக எடுபடவில்லை. மேடையில் குழந்தைகள் அதிகம், சர்க்கரைத் தேவதையாக வரும் முதன்மை ஆட்டக்காரி கடைசியில்தான் ஆடுகிறாள் என்றெல்லாம் குறை சொன்னார்களாம். எங்கள் பாயில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் குழந்தைகள் போதவில்லை என்பதுதான் குறை. மறுவருஷமே சைக்கோவ்ஸ்கி இறந்துபோனார், பின்னால் இது இத்தனை புகழ் பெற்றதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

தங்கும் இடம், செலவுக் கணக்கு எல்லாம் வரிசையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அன்று மதியம் தோழியின் அம்மா வைத்த கணவாய்த் தொக்கைச் சொல்லாமல் எப்படி? கணவாயை ரப்பராக்கிவிடாமல் அடுப்பிலிருந்து சட்டென்று இறக்கிவிட்டார். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க் காரம், கூடவே சீலா மீன் குழம்பு. இராமேஸ்வரத்தில் ஒரு ஓட்டலில் முந்தின நாள் 240 ரூபாய் கொடுத்து நாங்கள் சாப்பிட்ட மீன் சாப்பாட்டை இதன் பக்கத்தில்கூட வைக்க முடியாது.

அரிச்சல்முனைக்குப் போனது அதற்கப்புறம்தான். போகிற வழியில் 1964 புயல் விட்டுவைத்த தனுஷ்கோடி தேவாலயச் சுவர்கள். பிள்ளைகளுக்கு அதெல்லாம் கண்ணில் படவே இல்லை, அத்தனை மணலைப் பார்த்ததும் மேடை கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. நான் போனில் எலிச்சண்டை இசையைப் போட, தோழி வீட்டுக்காரர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு எலி ராஜா ஆனார். என் மகள் குறிபார்த்துச் செருப்பை எறிந்தாள். அது ராஜாவைத் தாண்டி அலையில் விழுந்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டது. அங்கே நீரோட்டம் பொல்லாதது, இறங்கி எடுக்கிற வேலையெல்லாம் ஆகாது. 250 ரூபாய் செருப்பு, வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆட்டோவுக்குப் போன முந்நூறோடு சேர்த்தால் அன்றைக்கு மட்டும் 550 ரூபாய் தண்டம். எலி ராஜா மட்டும் மணலில் விழுந்து செத்த மாதிரி கிடந்தார், கூட்டம் கூடிவிட்டது.

திரும்பும்போது கீழக்கரையில் இறங்கினோம், தொதலுக்காகவே. அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி எல்லாம் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டி எடுக்கிற இனிப்பு. இலங்கையிலும் மலேசியாவிலும்கூட இதன் உறவுக்காரப் பலகாரம் உண்டு, கப்பல் வியாபாரம் நடந்த ஊர் இல்லையா! கடை வாசலிலேயே என் மகள் கேட்டாள்: "சாக்லேட் ஆடுது, டீ ஆடுது, தொதல் ஏம்மா ஆடல?" கேட்டதோடு நிற்கவில்லை, தானே ஆடிக் காட்டினாள். ஒரு காலைத் தரையிலிருந்து பிய்த்து எடுக்க முடியாமல் இழுத்து இழுத்து, கடைசியில் இரண்டு கையும் ஒட்டிக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். கடைக்காரர் சிரித்துவிட்டு ஒரு துண்டு சும்மா கொடுத்தார். இந்தப் பயணம் முழுக்க எங்களுக்கு இலவசமாகக் கிடைத்தது அது ஒன்றுதான்.

வாங்குவதானால் அரைக் கிலோவாக வாங்குங்கள். நாங்கள் வாங்கிய கால் கிலோ பரமக்குடி வருவதற்குள் காலி.