மெக்கர் போட்டாச்சு

‘மெக்கர் போட்டாச்சு, ஓகே’ என்ற ஒற்றை வரி மட்டுமே இருந்த மோட்டார் சோதனைத் தாளில் கையெழுத்திட மறுத்தது சரிதானா என்ற கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

மெக்கர் என்பது 1903இல் பதிவான வணிகப் பெயர். கம்பிகளின் காப்புறை மின்கசிவை எவ்வளவு தடுக்கிறது என்பதே காப்புத்தடை; அதை அளக்கும் கருவி இன்று எந்த நிறுவனத்துடையதானாலும் மின்பணியாளர்களுக்கு மெக்கர்தான். எஸ்கலேட்டர் என்ற பெயரும் இப்படிப் பொதுவாகிப்போனதால், அமெரிக்காவில் ஓட்டிஸ் நிறுவனம் 1950இல் அதன் உரிமையை இழந்தது. அதில் ஏறி இறங்குகிறவர்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் 250 வோல்ட்டில் சோதித்தாலும் 5000 வோல்ட்டில் சோதித்தாலும் ‘மெக்கர்’ என்றே சொல்வது ஆபத்தானது. எங்களுடையது 415 வோல்ட் மோட்டார். அதைச் சோதிக்க, மின்பொறியாளர் அமைப்பான ஐஇஇஇயின் 43ஆம் தரநிலை சொல்வது 500 வோல்ட் டிசி (நேர்மின்சாரம்). மோட்டாரோடு இணைந்த வேகக் கட்டுப்பாட்டு டிரைவைக் கழற்றாமல் அதைச் செலுத்தினால் டிரைவே பழுதாகக்கூடும்.

“எத்தனை வோல்ட்டில் போட்டீர்கள், டிரைவைக் கழற்றினீர்களா?” என்று கேட்டேன்.

“மெக்கர்னு எழுதினா எல்லாம் அதுக்குள்ள அடக்கம் சார். கழட்டாம யாராவது போடுவாங்களா?” என்றார் அந்த வரியை எழுதிய மூத்த டெக்னீஷியன். குரலில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது.

அவர் எல்லாவற்றையும் முறையாகவே செய்திருந்தார். ஆனால் அடுத்த முறை அந்தத் தாளை வாசிப்பவர் அவர் அருகில் நின்று பார்த்தவராக இருக்கமாட்டார் என்பதுதான் என் வாதம். அதனால் வோல்ட், நேரம், வெப்பநிலை, காப்புத்தடையின் அளவான மெகா ஓம் என்று தனித்தனிக் கட்டங்களுடன் புதிய படிவம் தயாரித்தேன்.

இப்போது இளையவர்கள் நிரப்பித் தரும் தாள்களில் வெப்பநிலைக் கட்டத்தில் எப்போதும் 40 டிகிரி என்றே இருக்கிறது. அளந்த காப்புத்தடை மதிப்பை 40 டிகிரிக்கு ஒப்பாகத் திருத்திக் கணக்கிடச் சொல்கிறது தரநிலை; அந்த எண்ணையே மோட்டாரின் கம்பிச்சுருளை அளந்த வெப்பநிலையாக எழுதிவிடுகிறார்கள். வெப்பநிலை ஏறத்தாழ 10 டிகிரி உயர்ந்தாலே காப்புத்தடை பாதியாகும் என்னும்போது, இது சின்னப் பிழையன்று. துல்லியமான சொற்களைக் கொடுத்து, செய்யாத அளவீட்டைச் செய்ததுபோல் எழுத நானே வழிசெய்துவிட்டேனோ என்று தோன்றுகிறது. அந்த மூத்தவரின் ஒற்றை வரியில் விவரம் இல்லை, பொய்யும் இல்லை. ஆனாலும் அதே வரியுடன் அவர் நாளை வந்தால், நான் கையெழுத்திடமாட்டேன்.