பட்டியலில் இல்லாத வீடுகள்

இறுதியாண்டு ஆய்வுக்கு, இலங்கை அரசு வறிய குடும்பங்களுக்குக் கொடுக்கும் அஸ்வெசும கொடுப்பனவை எடுத்தேன். 2023 யூலையில் தொடங்கிய திட்டம். 22 அளவுகோல்களை வைத்துக் குடும்பங்களை நான்கு பிரிவாக்கி, தொடக்கத்தில் மாதம் 2,500 ரூபாயிலிருந்து 15,000 ரூபாய் வரை கொடுத்தார்கள். அது சரியான ஆட்களுக்குத்தான் போய்ச் சேருகிறதா என்பதுதான் என் கேள்வி. இடம் யாழ்ப்பாணத்தின் வடகரையில் உள்ள மயிலிட்டி. 1990இல் போரால் இடம்பெயர்ந்து, 2017க்குப் பிறகு திரும்பிய சனம் அங்கே நிறைய.

நான் விட்ட பெரிய பிழை, ஆய்வுக்கான மாதிரி வீடுகளைத் தெரிந்தெடுத்ததில். கையில் இருந்தது கொடுப்பனவு பெறுவோரின் பட்டியல் மட்டும், அதிலிருந்தே அறுபது வீட்டைத் தெரிந்தெடுத்து அரைவாசி முடித்தும் விட்டேன். மேற்பார்வையாளர் தாள்களைப் புரட்டிவிட்டு, "விடுபட்ட ஆக்கள் எங்கை பிள்ளை?" என்று கேட்டபோதுதான் விளங்கியது. கிடைக்காதவர் ஒருவர்கூட இல்லாத மாதிரியை வைத்து, கிடைக்கவேண்டியவருக்குக் கிடைத்ததா என்று எப்படிச் சொல்வது? விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) போய், ஊரின் எல்லாக் குடும்பங்களும் உள்ள பட்டியலைக் கேட்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

அப்புறம் வீடுகளில். கோப்போடு படலையைத் திறந்தால் "பதிய வந்தனீங்களோ?" என்பதுதான் முதல் கேள்வி. இல்லை, படிப்புக்கு என்று சொன்னாலும் வருமானத்தைக் குறைத்துத்தான் சொல்வார்கள். அதைப் பொய் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை, ஒருமுறை விடுபட்டவர் வேறெப்படிச் சொல்வார்? கோப்பை விட்டுவிட்டு இரண்டாம் முறை போய், போன கிழமை அரிசிக்கு, மண்ணெண்ணெய்க்கு, சீட்டுக்கு, அடகு வட்டிக்கு எவ்வளவு போனது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அப்போதுதான் கணக்கு ஓரளவு வந்தது.

'குடும்பம்' என்ற சொல்லும் காலை வாரியது. ஒரு வீட்டில் எட்டுப் பேர் என்று எழுதினேன், பிறகுதான் தெரிந்தது அங்கே இரண்டு அடுப்பு. தாய் தனியாக, கலியாணம் கட்டிய மகள் தனியாகச் சமையல். மகளின் கணவர் தொழிலுக்குப் போகிறார், தாய்க்கு வருமானமே இல்லை. எட்டால் பிரித்தால் அந்தத் தாயின் வறுமை கண்ணில் படாது. அதனால் எல்லா வீட்டிலும் "எத்தனை உலை வைக்கிறீங்கள்?" என்று கேட்கத் தொடங்கினேன்.

கடைசிப் பிழை எழுதும்போது. கொடுப்பனவு பெறும் குடும்பங்களில் கடன் கூடுதலாக இருந்தது, உடனே 'கொடுப்பனவு கடன் பழக்கத்தை வளர்க்கிறது' என்று ஒரு பந்தி எழுதிவிட்டேன். வீட்டுத்திட்டக் காசு போதாமல் நகையை அடகு வைத்துச் சுவர் எழுப்பிய கதைகள் என் குறிப்புப் புத்தகத்திலேயே இருந்தன. கடன் முந்தியது, கொடுப்பனவு பிந்தியது. அந்தப் பந்தியை அடித்துவிட்டு, ஒவ்வொரு கடனுக்கும் எந்த ஆண்டு வாங்கியது என்று கேட்க மூன்றாம் முறையும் போனேன்.