240 பிளக்இன்களோடு ஸ்கைரிம்: நாலு விதமான கிராஷ், நாலு விதமான வேலை

சோதனைக்கு எடுத்தது ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டின் ஸ்பெஷல் எடிஷன், பதிப்பு 1.6.1170. விளையாட்டை மாற்றும் கூடுதல் தொகுப்புகளான மாட்களை நிர்வகிக்கும் மாட் ஆர்கனைசர் 2 வழியாக 240 பிளக்இன்கள் (மாட்கள் விளையாட்டில் சேர்க்கும் தரவுக் கோப்புகள்). கிராஷ், அதாவது விளையாட்டு திடீரென்று நின்று விழுவது, நாலு ரகம்: மெனு வருவதற்கு முன்பே ஒன்று, குறிப்பிட்ட ஓர் இடத்துக்குப் போகும்போதெல்லாம் ஒன்று, நெடுநேரம் ஆடிய பிறகு எங்கே வேண்டுமானாலும் ஒன்று, பழைய சேவ் கோப்பைத் திறந்தால் மட்டும் ஒன்று. நாலையும் ஒரே நோயாக நினைத்து, சந்தேகப்பட்ட மாட்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பதுதான் வழக்கம். அதில் நேரம் போவது ஒருபுறம் இருக்கட்டும், பாதியில் கழற்றுவதே புதிதாக ஒரு கிராஷைக் கொண்டுவரும். அதனால் முதலில் கவனித்தது எப்போது விழுகிறது என்பதை மட்டும்.

மெனுவுக்கு முன் விழுவது

இதுதான் சுலபம். காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. முதலாவது, மாஸ்டர் கோப்பு, அதாவது ஒரு பிளக்இன் நம்பியிருக்கும் மூல பிளக்இன், இல்லாமை. ஒரு பேட்ச் (மாட்களை ஒத்துப்போக வைக்கும் சிறு பிளக்இன்) இரண்டு மாட்களை நம்பி எழுதப்பட்டிருக்கும், அதில் ஒன்று பட்டியலில் இருக்காது. மாட் ஆர்கனைசரின் வலப்பக்கப் பட்டியலில் அந்த பிளக்இன் பக்கத்தில் எச்சரிக்கைக் குறி நிற்கும். அதன்மேல் சுட்டியை வைத்தால் எந்த மாஸ்டர் இல்லை என்று பெயரோடு சொல்லும். பிளக்இன்கள் ஏறும் வரிசையை அமைக்கும் லூட் நிரலை வைத்து வரிசைப்படுத்தினால் இது சரியாகாது. வரிசை வேறு, இல்லாமை வேறு.

இரண்டாவது, பதிப்புப் பொருத்தம். பல மாட்கள் நம்பியிருக்கும் ஸ்கிரிப்ட் நீட்டிப்பு நிரல் எஸ்கேஎஸ்இ. விளையாட்டின் 1.6.1170-க்கு அதன் 2.2.6 வேண்டும், பழைய 1.5.97-க்கு 2.0.20. மாட்களுக்கு விளையாட்டின் உள் முகவரிகளைத் தரும் அட்ரஸ் லைப்ரரியும் அதே பதிப்புக்கு உரியதாக இருக்க வேண்டும். எஸ்கேஎஸ்இ தன் லாக்கில் (பதிவுக் கோப்பில்) ஒவ்வொரு டிஎல்எல்லுக்கும் (மாட்டின் நிரல் கோப்பு) ஒரு வரி எழுதுகிறது: ஏறியதா, பதிப்பு ஒவ்வாமல் முடக்கப்பட்டதா என்று. இங்கே இரண்டு டிஎல்எல்கள் 1.5.97-க்கு உரியவையாக இருந்தன. மாற்றியதும் மெனு வந்தது. கையோடு ஸ்டீமில் இந்த விளையாட்டுக்கு ‘ஆரம்பிக்கும்போது மட்டும் அப்டேட்’ என்று வைத்து, எப்போதும் எஸ்கேஎஸ்இ லோடர் மூலமே திறப்பது நல்லது. இல்லாவிட்டால் ஒருநாள் அப்டேட் தானாக இறங்கி எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

எண்ணிக்கை வரம்பையும் இங்கேயே சரிபார்த்தாயிற்று. முழு பிளக்இன்கள் 254 வரைதான். லைட் என்று குறியிட்டவை அந்தக் கணக்கில் வராது, அவை அத்தனையும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொண்டு 4096 வரை போகலாம். ஆனால் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் சேவில் உள்ள பிளக்இனை எடுத்து, எண்களைச் சுருக்கி லைட் ஆக்கக் கூடாது. உள்ளே இருக்கும் அடையாள எண்கள் மாறிவிடும், சேவுக்குத் தன் பொருட்களைத் தெரியாமல் போகும்.

ஒரே இடத்தில் விழுவது

விழும்போது விவரத்தைப் பதிவு செய்யும் கிராஷ் லாகர் போட்டதும் ‘மை கேம்ஸ்’ கோப்புறைக்குள் எஸ்கேஎஸ்இ என்ற இடத்தில் தேதி, நேரத்தோடு கோப்புகள் சேர ஆரம்பித்தன. மேலே முதல் வரியில் ‘அக்சஸ் வயலேஷன்’ என்று இருக்கும். அதைப் பார்த்து மிரள வேண்டாம், கிட்டத்தட்ட எல்லா லாக்கிலும் அதுதான். உபயோகமானவை கீழே ரெஜிஸ்டர்கள், ஸ்டேக் என்ற பகுதிகளில் கிடைக்கும் பெயர்கள்: ஏதாவது நிஃப் கோப்பின் (பொருளின் முப்பரிமாண வடிவம்) பாதை, ஒரு பிளக்இன் பெயர், எட்டு இலக்க அடையாள எண்.

இதில் ஒரு பொறி உண்டு. லாக்கில் இருக்கும் பெயர் குற்றவாளியின் பெயர் அல்ல, விழுந்த நேரத்தில் அங்கே நின்றவர்களின் பட்டியல். எலும்புக்கூடு நிஃப் அடிக்கடி தலைகாட்டும், ஏனென்றால் நடமாடும் எல்லாவற்றுக்கும் அது உண்டு. அதே இடத்தில் மூன்று தடவை விழவைத்து, மூன்று லாக்கையும் பக்கம்பக்கமாக வைத்து, மூன்றிலும் பொதுவாக இருப்பதை எடுத்தால்தான் துப்பு. இங்கே மூன்றிலும் இருந்தது ஒரு வீட்டுச் சாமானின் நிஃப்.

நிஃப் கோப்புகளைப் பார்க்கும் நிஃப்ஸ்கோப்பில் அதைத் திறந்து தலைப்பைப் பார்த்தால், 100 இருக்க வேண்டிய பதிப்பு எண் 83. அதாவது 2011-இல் வந்த 32-பிட் விளையாட்டுக்குச் செய்த வடிவம், மாற்றாமல் அப்படியே வந்திருக்கிறது. எல்லா 83-ம் விழவைக்காது. அசையாத பொருட்கள் பல சமயம் சத்தமில்லாமல் ஓடிவிடும், தலை, முடி, உடை போன்றவைதான் அதிகம் சண்டை போடும். பழைய வடிவங்களை மாற்றித் தரும் கதீட்ரல் அசெட்ஸ் ஆப்டிமைசரில் அந்த ஒரு மாட் கோப்புறையை மட்டும் கொடுத்து மாற்றியதும் அந்த இடம் தாண்டியது. ஆசைப்பட்டு மொத்த மாட் கோப்புறையையும் அதில் போடக் கூடாது. சரியாக இருப்பதையும் கெடுத்து வைக்கும்.

சரிபார்க்கப் பழைய சேவ் தேவையில்லை. மெயின் மெனுவிலேயே கன்சோலை (கட்டளை அடிக்கும் பெட்டி) திறந்து ‘சிஓசி ரிவர்வுட்’ என்று அடித்தால் சேவ் எதுவும் இல்லாமல் நேராக ஊருக்குள் இறங்கலாம். அங்கே விழாமல், சேவில் மட்டும் விழுந்தால் தவறு சேவில்.

லாக் எதுவும் சொல்லாதபோது பாதிப்பாதியாகப் பிரிப்பதுதான் வழி. 240-ஐ 120, 60, 30 என்று குறைத்துக்கொண்டே போனால் அதிகபட்சம் எட்டுத் தடவையில் ஒன்றில் வந்து நிற்கும். இதற்கென்று மாட் ஆர்கனைசரில் தனி ப்ரொஃபைல் (மாட் பட்டியலின் அமைப்பு) நகலெடுத்து, சேவ்களும் அந்த ப்ரொஃபைலுக்கே தனியாக இருக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். மாஸ்டரை அணைத்தால் அதை நம்பிய பேட்ச்களையும் சேர்த்து அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் ரக கிராஷ் வந்து குழப்பும். இரண்டு பாதியும் தனித்தனியாக நன்றாக ஓடி, சேர்ந்தால் மட்டும் விழுந்தால் அது இரண்டு மாட்களுக்கு இடையிலான மோதல். அப்போது பிளக்இன்களின் உள்ளே இருப்பதைக் காட்டும் எக்ஸ்எடிட்டில் அந்த இடத்தின் பதிவைத் திறந்து யார் யார் கை வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதே குறுக்குவழி. அழிக்கப்பட்ட நேவ்மெஷ் (பாத்திரங்கள் நடக்கும் வழி வரைபடம்) ஒன்று அங்கே கிடந்தால் முதல் சந்தேகம் அதன்மேல்தான்.

நெடுநேரம் கழித்து விழுவது

இடம் மாறிக்கொண்டே இருக்கும், லாக்கில் பொதுவான பெயர் எதுவும் இருக்காது. இப்படி இருந்தால் நினைவகத்தைப் பார்க்க வேண்டும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் ‘கமிட்டட்’ என்று இரண்டு எண்கள் இருக்கும்: பயன்பாடு, உச்சவரம்பு. விளையாடும்போது முதல் எண் இரண்டாவதை முட்டியது. ராமில் இடம் காலியாகத் தெரிந்தாலும் விளையாட்டு விழும், ஏனென்றால் கேட்ட நினைவகத்துக்கு விண்டோஸ் உத்தரவாதம் தர முடியவில்லை. காரணம், பேஜ்ஃபைல் (ராமுக்குத் துணையாக வட்டில் ஒதுக்கும் கோப்பு) அணைக்கப்பட்டிருந்தது. ராம் நிறைய இருக்கிறதே என்று யாராவது சொன்ன பழைய யோசனையால் இப்படி அணைத்து வைப்பது உண்டு. எஸ்எஸ்டி மேல் குறைந்தபட்சம் 20480, அதிகபட்சம் 40960 எம்பி என்று வைத்து, கணினியை மறுபடி தொடக்கியதும் அந்த ரகம் நின்றது.

டெக்ஸ்சர் (பொருட்களின் மேல் போர்த்தும் படம்) கணக்கும் இதே பக்கம்தான். 4கே படம் ஒன்று பிசி7 முறையில் சுருக்கினால் மிப்மேப்களோடு (அதே படத்தின் சிறு நகல்கள்) சுமார் 21 எம்பி. 2கே என்றால் 5 எம்பி சொச்சம். சுருக்காமல் சேமித்த 4கே என்றால் 85 எம்பி. முழங்கையளவு வாளிக்கு 4கே தேவையா என்று கேட்டுப் பார்த்தால் பாதிப் பளு குறையும். மலைக்கும் தரைக்கும் 4கே, கைப்பொருட்களுக்கு 2கே அல்லது 1கே போதும்.

பழைய சேவ்

ஆட்டத்தின் நடுவில் கழற்றிய மாட்டின் ஸ்கிரிப்ட்கள் சேவுக்குள் அனாதையாகத் தங்கிவிடும். சேவ் கோப்பைத் திருத்தும் ரீசேவரில் திறந்தால் ‘அன்அட்டாச்ட்’, ‘அன்டிஃபைன்ட்’ என்ற இரண்டு எண்ணிக்கைகள் தெரியும். நகல் எடுத்து வைத்துக்கொண்டு அவற்றை நீக்கிப் பார்க்கலாம். இந்தச் சேவ் நீக்கிய பிறகு திறந்தது, ஆனால் இரண்டு குவெஸ்ட்கள் (கதைப் பணிகள்) நகரவே இல்லை. சேவைத் தேற்றுவதைவிட மாட் கழற்றுவதற்கு முந்தைய சேவுக்குத் திரும்புவதே மேல் என்று அதை ஒதுக்கியாயிற்று.

இப்போதைய நிலை: முதல் மூன்று ரகமும் இல்லை. மழை பெய்யும்போது ஒரு பாலத்தருகே மட்டும் எப்போதாவது விழுகிறது. இரண்டு லாக் கிடைத்திருக்கிறது, மூன்றாவதுக்காகக் காத்திருக்கிறது.