பழைய ரெய்டின் தடம் அழியாத டிஸ்க்கும் தானியங்கி நிறுவலும்

டெபியன் லினக்ஸை ஆள் தலையீடில்லாமல் நிறுவும்போது டிஸ்க்கைப் பார்ட்டிஷன்களாக, அதாவது பகுதிகளாக, பிரிக்கும் கட்டத்தில் வேலை நின்றுவிட்டால், பெரும்பாலோர் உடனே நிறுவி (நிறுவும் நிரல்) கேட்கும் கேள்விகளுக்கான பதில்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் பிரிசீட் கோப்பைத் திறந்து திருத்தத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன்பாக டிஸ்க்கைப் பாருங்கள் என்பதே நான் சொல்ல விரும்புவது. அந்த டிஸ்க் முன்பு எங்கே ஓடியது, அதில் எதன் மிச்சம் இருக்கிறது என்று தெரியாமல் கோப்பை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இருக்காது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டு ஊருக்குள் வந்த பிறகு, திருநெல்வேலி வட்டாரத்தில் எனக்கு வந்த வேலைகளில் பல ஒரே மாதிரியாக இருந்தன. தரைத்தளத்தில் நனைந்து பழுதான சர்வர்களை ஒதுக்கிவிட்டு, மேல்தட்டில் இருந்ததால் தண்ணீர் படாமல் தப்பிய பெட்டிகளின் டிஸ்க்குகளைப் புதிய பெட்டிகளில் இரண்டிரண்டாகப் பொருத்தி, ஒரே தரவை இரண்டு டிஸ்க்குகளிலும் எழுதிவைக்கும் ரெய்டு 1 அமைத்துத் தர வேண்டும். அந்த டிஸ்க்குகளில் பெரும்பாலானவை முன்பே ஏதாவதொரு ரெய்டில் இருந்தவை. சிக்கல் தொடங்கிய இடமும் அதுதான்.

லினக்ஸின் மென்பொருள் ரெய்டு, தன் உறுப்பாக இருக்கும் ஒவ்வொரு பார்ட்டிஷனிலும் சூப்பர்பிளாக் என்ற சிறு குறிப்பை எழுதிவைக்கிறது. இப்போது இயல்பாக உருவாகும் 1.2 வடிவத்தில் அது பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து 4 கிலோபைட் தள்ளி இருக்கும், 0.90, 1.0 ஆகிய வடிவங்களில் இறுதிப் பகுதியில் இருக்கும். பார்ட்டிஷன் அட்டவணையை அழிப்பதால் இந்தக் குறிப்பு அழிவதில்லை. ஆகவே முதல் முயற்சி பாதியில் நின்று, அதே அளவுகளைக் கொண்ட கோப்பை மீண்டும் ஓட்டினால், புதிய பார்ட்டிஷன் பழைய இடத்திலேயே தொடங்குகிறது. அங்கே காத்திருந்த சூப்பர்பிளாக் மறுபடி கண்ணில் படுகிறது. பழைய ரெய்டு உயிர்பெற்றுப் பார்ட்டிஷனைப் பிடித்துக்கொள்கிறது. டிஸ்க் பயன்பாட்டில் இருப்பதாக நிறுவி சொல்வதற்கு இதுவே காரணம்.

அந்த நேரத்தில் ஆல்ட்டையும் எஃப்2-வையும் சேர்த்து அழுத்திக் கட்டளைத் திரைக்குப் போய், ஓடும் ரெய்டுகளைக் காட்டும், பிராக் அடைவிலுள்ள எம்டிஸ்டாட் கோப்பைப் படித்தால், நீங்கள் உருவாக்காத எம்டி127 போன்ற பெயரில் ஒரு ரெய்டு ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். ஆல்ட், எஃப்4 அழுத்தினால் வரும் பதிவுத் திரையில் எந்த அடியில் வேலை நின்றது என்பதும் தெரியும்.

தீர்வில் வரிசை முக்கியம். முதலில் ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஏடிஎம் கட்டளையைக் கொண்டு ஓடும் ரெய்டை நிறுத்த வேண்டும். பிறகு ஒவ்வொரு பழைய பார்ட்டிஷனிலும் சூப்பர்பிளாக்கை அழிக்க வேண்டும். கடைசியாகத்தான் பார்ட்டிஷன் அட்டவணை. அட்டவணையை முதலில் அழித்துவிட்டால், அடுத்து எந்த இடத்தில் அழிப்பது என்பதற்கு வழிகாட்ட எதுவும் இருக்காது. டிஸ்க்கின் முதல் சில மெகாபைட்டுகளில் சுழியம் எழுதுவது போதும் என்று பலரும் நம்புகிறார்கள். ஜிபிடி என்ற வகைப் பார்ட்டிஷன் அட்டவணையின் நகல் டிஸ்க்கின் கடைசியில் இருப்பதையும், 1.0 வடிவச் சூப்பர்பிளாக் பார்ட்டிஷனின் கடைசியில் இருப்பதையும் அவர்கள் மறந்துவிடுகிறார்கள். மேலே சொன்ன மூன்று அடிகளையும், பிரிசீட்டில் பார்ட்மேனின் (நிறுவியில் பார்ட்டிஷன் பிரிக்கும் பகுதி) ஏர்லி கமாண்ட் பகுதியில் எழுதிவைத்தால், பார்ட்டிஷன் கட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்பு அவை தாமாகவே நடந்துவிடும். பழைய ரெய்டையும், டிஸ்க் இடத்தைப் பிரித்து நிர்வகிக்கும் எல்விஎம் அமைப்பையும் நீக்கச் சம்மதம் தரும் பதில்களையும் பிரிசீட்டில் சேர்த்தே வைக்கிறேன். அவை இல்லையென்றால் நிறுவி கேள்வி கேட்டபடி நின்றுவிடும்.

அடுத்தது டிஸ்க்கின் பெயர். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நிறுவிக்கொண்டிருந்தபோது, உதவிக்கு நின்ற தம்பி திரையைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது பென்டிரைவையல்லா அழிக்கப் பாக்குது" என்றார். அவர் சொன்னது சரி. அந்தப் பெட்டியில் நிறுவல் பென்டிரைவே எஸ்டிஏ என்ற பெயரைப் பெற்றிருந்தது. டிஸ்க்குகள் எஸ்டிபி, எஸ்டிசி ஆகியிருந்தன. எஸ்டிஏ என்பது கண்டறியப்படும் வரிசையில் கிடைக்கும் பெயர், நிலையானது அன்று. எனவே யூஎஸ்பி அல்லாத, எதிர்பார்த்த அளவுள்ள இரண்டு டிஸ்க்குகளை ஏர்லி கமாண்டிலேயே தேடி எடுத்து, டிஸ்க் பட்டியலிலும் ரெய்டு விவரத்திலும் அந்தப் பெயர்களையே நிரப்பச் செய்வது நல்லது. சரியாக இரண்டு கிடைக்காவிட்டால் எதையும் தொடாமல் நின்றுவிட வேண்டும். பிறர் தரவு தவறுதலாக அழிவதைவிட நிறுவல் நிற்பது மேல்.

ரெய்டு விவரத்தில் பார்ட்டிஷன் எண்களைக் கையால் எழுத வேண்டியிருப்பதால் இன்னொரு குழப்பமும் நேர்கிறது. 2 டெராபைட்டைத் தாண்டிய டிஸ்க்குகளுக்கு ஜிபிடி தேவை. பெட்டியைத் தொடங்கிவைக்கும் பழைய ஃபர்ம்வேரான பயாஸ் முறையில் அதிலிருந்து தொடங்க, லினக்ஸை ஏற்றும் நிரலான கிரப்புக்கென்று 1 மெகாபைட் அளவில் ஒரு சிறு பார்ட்டிஷனும் தேவை. அதை முதலில் வைத்தால் மற்ற எண்கள் அனைத்தும் ஒன்று தள்ளிப்போகும். ரெய்டு விவரத்தில் மட்டும் பழைய எண் இருந்தால், அந்தச் சிறு பார்ட்டிஷனே ரெய்டின் உறுப்பாகிவிடும்.

நிறுவல் முடிந்ததும் ஒரு டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் தொடங்கிப் பாருங்கள். பிறகு மற்றதைக் கழற்றிப் பாருங்கள். பயாஸ் பெட்டியாக இருந்தால் கிரப் இரண்டு டிஸ்க்குகளிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும்; பிரிசீட்டில் கிரப்பின் இலக்காக இரண்டையும் குறிப்பிட்டால் போதும். பயாஸுக்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் உள்ள பெட்டியில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும். அதன் ஃபர்ம்வேருக்கு லினக்ஸ் ரெய்டு தெரியாது. தொடக்கக் கோப்புகளை வைத்திருக்கும், ஃபேட் வடிவில் உள்ள இஎஸ்பி பார்ட்டிஷனை மட்டுமே அது படிக்கும். ஆகவே இரண்டாவது டிஸ்க்கிலும் ஓர் இஎஸ்பி உருவாக்கி, முதலாவதில் உள்ளதை அங்கே நகலெடுத்து, ஃபர்ம்வேரின் தொடக்கப் பட்டியலிலும் அதைச் சேர்க்க வேண்டும். கிரப் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் அந்த நகலையும் புதுப்பிக்க வேண்டும்.