மூன்று மாத சுகர் 4.4

ஜூன் 3
காலையில் எங்கள் லேபில் அறுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர். வெறும் வயிற்றில் சுகர் 182. சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை வைத்துச் சொல்லும் மூன்று மாத சராசரி, அதாவது ஹெச்பிஏ1சி, 4.4. "பரவாயில்லையே தம்பி, குறைஞ்சிருக்கு" என்று சிரித்தார். கன்ட்ரோலை, அதாவது அளவு தெரிந்த மாதிரியை, மறுபடி ஓட்டினேன்; மெஷினில் கோளாறு இல்லை. ஆனாலும் 182-க்கு 4.4 ஒத்துவரவில்லை, கையெழுத்துப் போட மனசு வரவில்லை. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதும் பக்கத்து நாற்காலியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். தொழுநோய் மருந்து, ரெண்டு மாதமாக. அந்த அட்டையில் தினமும் டாப்சோன் 100 மில்லிகிராம்.

ஜூன் 4
மிச்சமிருந்த ரத்தத்திலேயே பார்த்தேன். ஹீமோகுளோபின் 8.6. ரெட்டிக், அதாவது புதிதாகப் பிறந்த சிவப்பணுக்கள், 9 சதவீதம். ரெண்டரையைத் தாண்டினாலே அதிகம். கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்த ஸ்மியரில், ஓரத்தில் ஒரு கடி கடித்து வைத்த அப்பளம் மாதிரி சிவப்பணுக்கள். 120 நாள் ஓட வேண்டியவை டாப்சோனால் பாதியிலேயே உடைகின்றன. நேற்றுப் பிறந்த அணுவில் சர்க்கரை ஒட்ட ஏது நேரம்? 4.4 வந்த கதை இதுதான். டாக்டருக்குப் போன் செய்தேன். சாயங்காலம் அட்மிஷன்.

ஜூன் 5
வார்டில் ஒரே குழப்பம். ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டும் கருவி 86 காட்டுகிறது, ஆக்சிஜன் வைத்தும் ஏறவில்லை. தமனி ரத்த ரிப்போர்ட்டிலோ 98. கருவி பழசு என்று மூன்றை மாற்றிவிட்டார்கள், பாவம். அந்த 98 அளந்து வந்ததல்ல. ஆக்சிஜன் அழுத்தத்தை வைத்து மெஷின் போட்ட கணக்கு. சிரிஞ்சில் இருந்த ரத்தம் கருப்பட்டிக் காபி நிறம். ஃபில்டர் பேப்பரில் அவருடையது ஒரு சொட்டு, பக்கத்தில் என்னுடையது ஒரு சொட்டு. காற்றுப் பட்டதும் என்னுடையது பளிச்சென்று சிவந்தது. அவருடையது அப்படியே பழுப்பாக நின்றது. மெத்ஹீமோகுளோபின்: ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி மாறிப்போன ஹீமோகுளோபின். இதுவும் டாப்சோன் வேலைதான்.

உதடு கறுத்ததை வீட்டம்மா முன்பே கவனித்திருக்கிறார். கூடவே தரும் இன்னொரு தொழுநோய் மருந்தான குளோஃபசிமின் சாப்பிட்டால் தோல் கறுக்கும் என்று சொல்லியிருந்தார்களாம், அதனால் விட்டுவிட்டார்.

டாப்சோனை நிறுத்திவிட்டார்கள்.

ஜூன் 6
சிவப்பணுவை உடையாமல் காக்கும் நொதி ஜி6பிடி. அது நார்மல், கீழ் எல்லையை ஒட்டி. "நார்மல்னு வந்தாச்சே, மெத்திலீன் ப்ளூ போட்டுடலாமா?" என்றார் சின்ன டாக்டர். மெத்ஹீமோகுளோபினுக்கு அதுதான் மாற்று மருந்து. இந்த நொதி வயதான அணுக்களில்தான் தீர்ந்துபோயிருக்கும். அவைதான் உடைந்து போய்விட்டனவே. குழாயில் இருப்பவை இளசுகள், அவற்றிடம் கையிருப்பு அதிகம். உண்மையில் குறைபாடு இருந்தால் அந்த ஊசி இன்னும் அணுக்களை உடைக்கும். ரிப்போர்ட்டின் கீழே 'ரெட்டிக் 9, மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கவும்' என்று எழுதிக் கொடுத்தேன். பெரியவருக்கு மூச்சுத்திணறல் இல்லாததால் தலைமை மருத்துவர் பொறுத்திருப்போம் என்றார்.

ஜூன் 9
விரலில் 94. ரத்தம் ஏற்றத் தேவைப்படவில்லை. மற்ற ரெண்டு மருந்துகளைத் தொடரச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

செப்டம்பர் 12
பெரியவர் வந்தார், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. ஹீமோகுளோபின் 13.1, ரெட்டிக் 1.2. ஜி6பிடி இந்த முறை நார்மலில் கால்வாசிகூட இல்லை. இந்தக் குறை மகள் வழியாகப் பேரனுக்கு இறங்கலாம். மகள் வயிற்றுப் பேரன் இருக்கிறானாம். அவனுக்கும் பார்க்கச் சொன்னேன்.

ஹெச்பிஏ1சி 8.1. அதற்குத்தான் முகம் சுண்டிவிட்டது. "அன்னைக்கு 4.4 தானே தம்பி? இந்த மெஷினைக் கொஞ்சம் பாருங்க."