ஆளுகை இருவருக்கும் கொடுக்கப்பட்டது

எங்கள் சபைகளில் கல்யாணப் பிரசங்கம் என்றால் பெரும்பாலும் ஆதாமும் ஏவாளும் விலா எலும்பும் வந்துவிடும். அது வரட்டும். ஆனால் அங்கிருந்து நேராக, வேதத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் மூன்றாம் அதிகாரத்துக்குத் தாவி, "அவன் உன்னை ஆண்டுகொள்ளுவான்" என்பதுதான் தேவன் வகுத்த குடும்ப ஒழுங்கு என்று மணப்பெண்ணைப் பார்த்துச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது.

ஆதியாகமம் முதல் அதிகாரத்தை மெதுவாக வாசியுங்கள். "ஆணும் பெண்ணுமாக அவர்களைச் சிருஷ்டித்தார்" என்கிறது 27ஆம் வசனம். தேவசாயல் இருவருக்கும் உண்டு. அடுத்த வசனத்தில் தேவன் "அவர்களை நோக்கி"ப் பேசுகிறார். பலுகிப் பெருகச் சொன்னதும் பூமியை ஆண்டுகொள்ளச் சொன்னதும் இருவரிடமும்தான், பெறுவது அவளுக்கு ஆள்வது அவனுக்கு என்று அங்கே பிரிக்கவே இல்லை. எதையெல்லாம் ஆள வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கிறது: சமுத்திரத்தின் மச்சங்கள், ஆகாயத்துப் பறவைகள், நடமாடுகிற ஜீவஜந்துக்கள். ஒரு மனுஷன் இன்னொரு மனுஷரை ஆளும் பேச்சே அங்கு இல்லை.

"ஆதாம்தானே முதலில்?" என்பார்கள். முதலில் வந்தவர் பெரியவர் என்றால், முதல் அதிகாரத்தின்படி மீனும் மாடும் நம் எல்லோருக்கும் முந்தினவை. எலும்பிலிருந்து வந்ததால் அவள் தாழ்ந்தவள் என்றால், அவன் வந்தது மண்ணிலிருந்து. ஸ்திரீ புருஷன்மேல் அதிகாரம் செலுத்தக்கூடாது, ஆதாம்தான் முதலில் உருவாக்கப்பட்டான் என்று அப்போஸ்தலனாகிய பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதைக் காட்டுவார்கள், அதைத் தனியாகவே பேச வேண்டும். கிறிஸ்துவுக்குள் "ஆணென்றும் பெண்ணென்றுமில்லை" என்று கலாத்தியர் 3:28-ல் எழுதியவரும் அவர்தான்.

சரி, அந்த "ஆண்டுகொள்ளுவான்" எங்கே வருகிறது? பாவம் நுழைந்த பிறகு, 3:16-ல். அதன் பக்கத்தில் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள்: பிரசவ வேதனை, சபிக்கப்பட்ட நிலம், முள்ளும் குருக்கும், வியர்வை, கடைசியில் மரணம். இது எல்லாமே உறவு உடைந்ததால் வந்த கேடு. முள் முளைத்தால் பிடுங்குகிறோம், வியர்வையைக் குறைக்க டிராக்டர் வாங்குகிறோம், சாவை எதிர்த்து ஆஸ்பத்திரி கட்டுகிறோம், அதையும் மிஷனெரிகளே முன்னின்று கட்டினார்கள். ஆணின் அதிகாரத்தை மட்டும் ஏன் தொடக்கூடாது?

பிரசவ வேதனை விஷயத்தில் இந்த வாதம் நிஜமாகவே நடந்திருக்கிறது. 1847-ல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் என்ற மருத்துவர் பிரசவத்துக்கு மயக்க மருந்து கொடுக்கத் தொடங்கியபோது, 3:16-ஐக் காட்டி எழுந்த ஆட்சேபங்களுக்கு அவர் வேதத்தை வைத்தே பதில் எழுதினார். விலா எலும்பை எடுக்குமுன் தேவன் ஆதாமுக்கு "அயர்ந்த நித்திரை" கொடுத்தாரே என்று கேட்டார். 1853-ல் விக்டோரியா மகாராணியே தன் பிரசவத்தில் குளோரோஃபார்ம் எடுத்துக்கொண்டார். இன்று எந்தப் போதகரும் தன் மகளுக்கு வலிநிவாரணி கொடுக்காதீர்கள் என்று டாக்டரைத் தடுப்பதில்லை. அதே வசனத்தின் பின்பாதியை மட்டும் கட்டளையாக வைத்திருக்கிறோம்.

இன்னொன்று. 2:24-ல் தகப்பனையும் தாயையும் விட்டுப் போகிறவன் புருஷன். நம் வீடுகளில் விட்டு வருகிறவள் அவள். அதற்கு மேல் வரதட்சணையும் கொண்டு வருகிறாள். குடும்ப ஒழுங்கைப் பற்றித்தான் பேச வேண்டுமென்றால், அடுத்த கல்யாணத்தில் மாப்பிள்ளையைப் பார்த்து இந்த வசனத்தைப் பிரசங்கியுங்கள் ஐயா.